மறுபடியும் தெருவுக்கு வருகிறவர்

ஈயம் பூசுகிறவரை உங்களுக்கு நினைவிருக்கிறதா, சகோதரிகளே? சின்னப் பெண்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. எவர்சில்வர் வந்தது, அவர் போனார். ஆனால் என் வயதுக்காரர்களுக்கு அந்தக் குரல் இன்னும் காதில் ஒலிக்கும். வாசலில் சின்னக் குழி தோண்டுவார். துருத்தி வைத்து ஊதுவார். பித்தளைப் பாத்திரம் காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தடவி, பழந்துணியால் ஒரு சுழற்றுச் சுழற்றுவார். பாத்திரத்தின் உட்புறம் வெள்ளியாய்ப் பளபளக்கும்.

அவர் பூசியது வெள்ளீயமா, அதில் விஷமான காரீயத்தைக் கலந்து விட்டாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இருந்தும் நம்பிக் கொடுத்தோம். ஏன்? ஆறு மாதம் கழித்து அவர் மறுபடியும் அதே தெருவுக்கு வந்தாக வேண்டும். எதிர் வீட்டுக் குண்டானில் புளி ரசம் கருத்தால், அடுத்த தடவை தெருவில் ஒரு பாத்திரம் கூட அவருக்குக் கிடைக்காது. அவருடைய நாணயத்துக்கு நம் தெருவே ஜாமீன்!

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்தில் இருக்கிறார்கள். 'ஆர்.வி.' என்று சொல்லும் வீட்டு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். வருகிற கோடையில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மாதம் ஊர் சுற்ற உத்தேசம். "நடுவழியில் ஏதாவது கெட்டுப்போனால் முன்பின் தெரியாத ரிப்பேர்க்காரனை எப்படி நம்புவது? நீங்கள் அந்த மாதிரி வண்டியில் போய் வந்தவர் ஆயிற்றே!" என்று கேட்கிறார்.

போய் வந்தது வாஸ்தவம். பட்டுக்கொண்டு வந்ததும் வாஸ்தவம். சொல்கிறேன்.

முதலில் இந்த வண்டி எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுடன் சேர்ந்தே இருப்பது ஒரு ஜாதி. வேறொரு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் போவது இன்னொரு ஜாதி. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, வெந்நீர்த் தொட்டி, குளிக்கும் அறை எல்லாம் உண்டு. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன.

அசையாத வீட்டுக்கே ரிப்பேர் ஓய்வதில்லை. ஓடுகிற வீட்டைக் கேட்பானேன்? ஒவ்வொரு நாள் பிரயாணமும் அந்த வீட்டுக்கு ஒரு பூகம்பம். திருகாணி கழலும், குழாய் கசியும், கூரையின் பூச்சு வெடிக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால், கோடைக் காலத்தில் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். வீட்டையே பட்டறையில் விட்டுவிட்டால் இரவு எங்கே படுப்பது? அதனால்தான் கருவிகளையெல்லாம் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாம் நிற்கும் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் அங்கே இருக்கிறார்கள். நம் ஈயம் பூசுகிறவரின் அமெரிக்க வாரிசுகள்! ஒரே ஒரு வித்தியாசம். இங்கே அவர் நம் தெருவுக்கு மறுபடி வருவார். அங்கே நாம்தான் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவோம். நம்மை ஏமாற்றினாலும் மறுபடி நம் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. ஆபத்தெல்லாம் இந்த இடத்தில்தான்.

சில வருஷங்களுக்கு முன் என் பெண்ணுடனும் மாப்பிள்ளையுடனும் அரிசோனா பக்கம் போயிருந்தோம். கொலராடோ நதியின் குறுக்கே கிளென் கான்யன் என்ற அணை கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் பவல் ஏரி. ஜூன் மாதம். வெயில் நூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏரிக்கரை மணலில் வண்டியை நிறுத்தினோம். மின்சார இணைப்பு கிடையாது. குளிர்பெட்டி சமையல் வாயுவில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பாலை எடுத்தால் புளிப்பு வாசனை. தயிர் வெதுவெதுப்பு. பால் போனால் போகட்டும். என் கணவருடைய இன்ஸுலின் முழுவதும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது! எனக்குக் கைகால் ஓடவில்லை.

மாப்பிள்ளை டெலிபோனில் தேடி, முதலில் கண்ணில் பட்ட ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "உள்ளே இருக்கும் குளிர்விக்கும் பாகம் போய்விட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும். இப்போதே ஆயிரம் டாலர் அனுப்புங்கள், நாளை மறுநாள் வருகிறேன்" என்றார். மாப்பிள்ளை பணம் அனுப்பக் கையை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கள், மாப்பிள்ளை. கண்ணால் பார்க்காமலே வியாதி சொல்கிற வைத்தியரை நான் கேள்விப்பட்டதில்லை" என்றேன்.

என் பெண் இறங்கிப் பக்கத்து வண்டிக்குப் போனாள். அங்கே வயதான அமெரிக்கத் தம்பதி. வருஷா வருஷம் கோடையில் அங்கேயே வந்து தங்குகிறவர்கள். அவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். அதோடு விடாமல், வாயு நிரப்பிக் கொடுக்கும் கடையிலும் போய்த் தனியாக விசாரித்தாள். கடைக்கார அம்மாளும் அதே பெயரைச் சொன்னாள். "வாரம் தவறாமல் என் கடைக்கு வருவார்" என்றும் சேர்த்துச் சொன்னாளாம். என் மனத்தில் பாதி பாரம் அப்போதே இறங்கிவிட்டது.

இந்த மனிதர் டெலிபோனில் சொன்னது குறைவு, கேட்டது அதிகம். பெட்டி எந்த வருஷத்தது? எப்போதிலிருந்து குளிரவில்லை? வாயுவிலா, மின்சாரத்திலா? அடுப்பு சரியாக எரிகிறதா? பெட்டியின் பின்பக்கத்தில் மஞ்சள் பொடி படிந்திருக்கிறதா? அமோனியா நெடி வருகிறதா? கடைசியாக, "வண்டி எதன் மேல் நிற்கிறது?" என்று கேட்டார்.

"மணலில்."

"தரையில் ஒரு பந்தை வையுங்கள்."

பேரனுடைய ரப்பர் பந்தை வைத்தோம். அது கிடுகிடுவென்று உருண்டு அடுப்பு மூலையில் போய் முட்டிக்கொண்டது!

"உங்கள் பெட்டிக்கு வியாதி ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வண்டிதான் சாய்ந்து நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து மட்டம் செய்யுங்கள். பெட்டியைச் சில மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி பற்றவையுங்கள். அமோனியா நெடி அடித்தால் மட்டும் பற்றவைக்காமல் என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்" என்றார்.

இதன் மர்மம் என்னவென்றால், அந்தப் பெட்டியில் நம் வீட்டுக் குளிர்பெட்டியைப் போல் கம்ப்ரஸர் கிடையாது. குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைத்திருக்கும். கீழே சூடு காட்டினால் மேலே குளிரும்! 1922-ல் ஸ்வீடன் தேசத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் மண்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த யுக்தி இது. உள்ளே இருக்கும் திரவம் தன் எடையாலேயே வழிந்து சுற்றி வர வேண்டும். வண்டி சாய்ந்தால் திரவம் ஓரிடத்தில் தேங்கிவிடும்; குளிர்ச்சி நிற்கும். அப்படியே நாள் கணக்கில் ஓட்டினால் பெட்டி நிஜமாகவே பாழாகிவிடும். இப்போது வருகிற பல வண்டிகளில் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸர் பெட்டி வைக்கிறார்கள். அதற்கு இந்தச் சாய்மான உபத்திரவம் அவ்வளவாக இல்லை.

அன்று முழுவதும் இன்ஸுலினை ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினோம். ஐஸ்கட்டியின் மேல் நேராக வைக்காமல் துவாலையில் சுற்றி வைத்தோம். உறைந்துபோன இன்ஸுலின் மறுபடி உதவாது. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. அந்த மனிதருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "நான் வரவே இல்லையே!" என்று சிரித்தார்.

அதனால் அவருக்கு நஷ்டம் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. இரண்டு நாள் கழித்து, வண்டியின் வாயுக் குழாய்களைச் சோதிப்பதற்கும் கூரைப் பூச்சைச் சரிபார்ப்பதற்கும் நாங்களே அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தோம்.

இனி, மாம்பலம் சகோதரி தம் பெண்ணுக்கு எழுதவேண்டிய விஷயங்கள்.

முதலாவது, கெட்டுப்போன பிறகு ஆள் தேடாதீர்கள். பதற்றத்தில் தேடுகிறவருக்கு முதலில் அகப்படுகிறவரே தெய்வமாகத் தோன்றுவார். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, உங்கள் ஊரிலேயே ஒருவரை அழைத்து ஒரு சின்ன வேலை கொடுங்கள். உதாரணமாக, சில வெந்நீர்த் தொட்டிகளுக்குள் ஒரு உலோகக் கம்பி இருக்கும். தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து தொட்டியைக் காக்கும் கம்பி அது. அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். அலுமினியத் தொட்டி உள்ள சில வண்டிகளில் அந்தக் கம்பியே கிடையாது. "கம்பியை மாற்ற வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தொட்டியில் கம்பி இல்லாதபோது "இல்லை, அம்மா" என்று சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள். சோறு வெந்ததா என்று பார்க்கப் பருக்கை ஒன்று போதாதா?

இரண்டாவது, வழியில் ஆள் தேட நேர்ந்தால், அவர் மறுபடி யார் முகத்தில் விழித்தாக வேண்டுமோ அவர்களிடம் விசாரியுங்கள். வண்டிகள் தங்கும் மைதானத்தின் காரியாலயம், வாயு நிரப்பும் கடை, பருவம் முழுவதும் அங்கேயே தங்குகிறவர்கள், இவர்களே நம் தெரு. இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். "இந்த ஊரில் யார் இருக்கிறார்?" என்று கேட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டுவார்கள். "உங்கள் சொந்த வண்டி கெட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, படிப்பைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்தத் தொழிலுக்கு அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான அரசாங்க உரிமம் எதுவும் இல்லை. 'நிபுணர்' என்று சீட்டு அச்சடிக்க யாராலும் முடியும். ஆனால் முறையாகக் கற்றுத் தரும் இடங்கள் உண்டு. டெக்ஸஸில் ஏதென்ஸ் என்ற ஊரில் தேசிய ஆர்.வி. பயிற்சிப் பள்ளி இருக்கிறது. எல்க்கார்ட்டில் ஆர்.வி. தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. எங்கே பயின்றார், என்ன சான்றிதழ் என்று கேளுங்கள். வேலையின்போது சேதம் ஏற்பட்டால் ஈடுகட்டும் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். உங்கள் பெண் இருக்கும் டெக்ஸஸில் இன்னொன்று: வாயு சம்பந்தப்பட்ட வேலைக்குத் தனி உரிமம் வேண்டும். அதைக் கொடுப்பது 'ரயில்ரோடு கமிஷன்'. பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 2005-லிருந்து ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாயுவும் எண்ணெயும்தான் அதன் முக்கியப் பொறுப்பு.

நான்காவது, வாயுக் குழாயில் கை வைக்கிறவரிடம் "அழுத்தத்தை எதை வைத்து அளப்பீர்கள்?" என்று கேளுங்கள். எங்கள் மனிதர் நிறத் தண்ணீர் ஊற்றிய வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்தினார். வாயு அந்தத் தண்ணீரை 11 அங்குலம் தள்ளி நிறுத்த வேண்டும் என்று என் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு வாயுவை மூடிவிட்டு, தண்ணீர் இறங்குகிறதா என்று கடியாரத்தைப் பார்த்துக் காத்திருந்தார். இறங்கவில்லை, கசிவு இல்லை. வேலை முடிந்ததும் இந்தச் சோதனை செய்யாமல் கிளம்புகிறவருக்கு மறுபடி கதவைத் திறக்காதீர்கள். குழந்தைகள் தூங்குகிற இடம் அது.

ஐந்தாவது பணம். வீட்டு வண்டிக்காரர்களிடம் மணிக்கு நூறு டாலருக்கு மேல் கேட்பது அங்கே சாதாரணம். அதற்கு மேல் வந்து பார்ப்பதற்கு ஒரு கட்டணம். தூரத்துக்கு ஒரு கட்டணம். அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டதும் கடியாரம் ஓடத் தொடங்குகிறதா, நம் வாசலுக்கு வந்த பிறகா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். பெரிய சாமான் வாங்க ஓரளவு முன்பணம் கேட்பது நியாயம். வண்டியைப் பார்க்காமலே பணம் கேட்பது நியாயமில்லை. எதை மாற்றினாலும் பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். ரசீதில் புதிய சாமானின் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். வண்டி புதிது, கம்பெனி உத்தரவாதம் இன்னும் இருக்கிறது என்றால், திருகாணியைத் தொடுவதற்கு முன் கம்பெனிக்குப் பேசி எழுத்து மூலம் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் செலவு நம் தலையில்.

ஆறாவது, அந்த மெக்கானிக் வீட்டுக்கு வைத்தியர், வண்டிக்கு அல்ல. எஞ்சின், பிரேக், சக்கரம் எல்லாம் அநேகமாக வேறு ஆள் பார்க்க வேண்டியவை. "அது என் வேலை இல்லை, இன்னாரிடம் போங்கள்" என்று சொல்கிறவரைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள். தனக்குத் தெரியாதது எது என்று தெரிந்தவர், தெரிந்ததைச் சுத்தமாகச் செய்வார்.

கூப்பிடுவதற்கு முன் நாமே பார்க்க வேண்டியவையும் உண்டு. ஒரு ரசமட்டம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருப்பாரே, அதுதான். வாயு உருளை திறந்திருக்கிறதா? உள்ளே வாயு இருக்கிறதா? மின்சார ஸ்விட்ச் விழுந்திருக்கிறதா? சமையல் மேடை, குளிக்கும் அறைப் பக்கத்துப் பிளக்குகளில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஈரத்தில் மின்சாரம் தாக்காமல் காப்பது அது; சில சமயம் தானே துண்டித்துக்கொள்ளும். அந்தப் பொத்தானை அமுக்குவதற்காக ஐம்பது மைல் வந்து, முழுக் கூலி வாங்கிப் போன மெக்கானிக்குகள் உண்டு. அது அவர்கள் குற்றமா, நம் குற்றமா? ஆனால் வாயுக் குழாயையும் மின்சாரக் கம்பியையும் நாமே கழற்றும் வேலை வேண்டவே வேண்டாம். புகை விஷத்துக்கும் வாயுக் கசிவுக்கும் கூவுகிற எச்சரிக்கைக் கருவிகளின் பின்பக்கத்தில் ஆயுள் தேதி இருக்கும். புறப்படுமுன் அதைப் பார்த்து விடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் போடுங்கள். வண்டியின் பதினேழு எழுத்து எண், குளிர்பெட்டி, வெந்நீர்த் தொட்டி, குளிர்காய்ச்சி இவற்றின் மாடல் எண்கள், எந்தத் தேதியில் எதைப் பழுது பார்த்தோம் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கட்டும். பால் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது ஒரு பிரமாதமா?

கடைசியாக ஒன்று. மெக்கானிக் வந்ததும் "எனக்கு என்ன தெரியும்" என்று நாம் உள்ளே போய்விடுகிறோம். போகாதீர்கள். பக்கத்தில் நின்று, "இது என்ன? இதை ஏன் மாற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்லவர் சந்தோஷமாகச் சொல்வார். மற்றவர் எரிந்து விழுவார். ஆளைத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான சோதனை கிடையாது. தனியாக இருக்கும்போது பகல் வேளையில் வரச் சொல்லுங்கள். தங்கும் மைதானத்துக் காரியாலயத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நல்ல ஆள் கிடைத்தால், வேலை முடிந்ததோடு மறந்துவிடாதீர்கள். கிளம்பும்போது அந்தக் காரியாலயத்திலும், பக்கத்து வண்டியிலும், வாயுக் கடையிலும் அவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நாம் அந்தத் தெருவுக்குத் திரும்பி வராமல் போகலாம். நமக்குப் பின்னால் வேறொருத்தி, பால் புளித்துப்போய், மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே தவித்து நிற்பாள். அவள் வந்து விசாரிக்கும்போது, அந்த நல்லவருடைய பெயர் அங்கே சொல்லப்பட வேண்டும்.